குடியும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கும்போது எதற்கு முதலில் வைத்தியம்?

கேட்டிருப்பது இது: அண்ணன் பல வருடமாகத் தினமும் குடிக்கிறார். தூக்கம் இல்லை, எதிலும் ஈடுபாடு இல்லை, சில நாட்கள் "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்கிறார். மனநல மருத்துவர் "குடியை நிறுத்திவிட்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மறுவாழ்வு மையத்திலோ "மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்களைச் சேர்ப்பதில்லை" என்கிறார்கள். எதை முதலில் சரிசெய்வது?

நேரடியாகச் சொன்னால், இரண்டுக்கும் ஒரே காலத்தில் வைத்தியம் நடக்க வேண்டும். முடிந்தால் ஒரே மருத்துவக் குழுவிடம். இது என் சொந்தக் கருத்து இல்லை, மனநல மருத்துவத்தில் எப்போதோ பேசி முடித்த விஷயம். ஆனாலும் உங்களுக்கு நேர்ந்ததுதான் பலருக்கும் நேர்கிறது. அதை அலட்சியம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அந்த மருத்துவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால், மீதியை அவரிடமே கேட்டு வாங்கலாம்.

இந்தச் சேர்க்கை அபூர்வமானதா என்றால், இல்லை. அமெரிக்காவில் 20,000 பேருக்கு மேல் விசாரித்து 1990-ல் வெளியிட்ட ஆய்வில், குடிநோய் இருந்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு மனநோயும் இருந்தது. மற்ற போதைப்பொருள்களில் சிக்கியவர்களில் இது 53 சதவீதம். ஆகவே "மனநோய் இருந்தால் சேர்க்க மாட்டோம்" என்று சொல்லும் மையம், வாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று அர்த்தம்.

எது முதலில் வந்தது என்ற கேள்விக்கு வருவோம். "மனக்கஷ்டத்தால்தான் குடிக்கிறார், கஷ்டம் போனால் குடியும் போய்விடும்" என்று வீட்டில் சொல்வார்கள். இதற்கு மருத்துவத்திலும் ஒரு வடிவம் உண்டு. எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற மனநல மருத்துவர் 1985-ல் எழுதிய கருத்து அது: மனிதர்கள் தங்கள் மனவலிக்குத் தாங்களே மருந்து போட்டுக்கொள்வதுதான் போதை. பலருடைய ஆரம்பக் கதைக்கு இது பொருந்தும். ஆனால் வருடங்கள் போகப்போக பொருந்தாமல் போகிறது. மது முதல் சில மணி நேரம் மூளையை அமைதிப்படுத்தும். அது இறங்கும்போது மூளை எதிர்த் திசையில் துள்ளும். அதிகாலை மூன்று மணி விழிப்பு, படபடப்பு, காரணமில்லாத பயம் எல்லாம் அப்படித்தான் வருகின்றன. தினமும் குடிக்கும் ஒருவர் ஒரு கட்டத்துக்கு மேல் பழைய சோகத்துக்காகக் குடிப்பதில்லை, நேற்றைய குடி விட்டுச்சென்ற நடுக்கத்துக்காகக் குடிக்கிறார். சோகத்தால் தொடங்கிய குடிக்கும் இதற்குள் தனி உயிர் வந்திருக்கும். அதனால்தான் மனச்சோர்வை மட்டும் குணப்படுத்தினால் குடி தானாக நிற்பதில்லை. குடியை மட்டும் நிறுத்தினால் பழைய மனச்சோர்வு ஆளை மறுபடி குடிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் பொதுவான வேர் இருக்கும் குடும்பங்களும் உண்டு: பரம்பரை, சிறுவயதில் பட்ட அடி, துன்புறுத்தல்.

இனி மருத்துவர் சொன்ன பாதி உண்மை. 1988-ல் பிரௌன், ஷுக்கிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குடிநோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்த ஆண்களின் மனச்சோர்வை வாராவாரம் அளந்தார்கள். சேரும்போது 42 சதவீதம் பேருக்குக் கவலைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்காவது வாரம் வந்தபோது 6 சதவீதம் பேருக்குத்தான் மிச்சம் இருந்தது. எந்த மனச்சோர்வு மாத்திரையும் காரணம் இல்லை, மது உடம்பை விட்டுப் போனதுதான் காரணம். இன்றும் நோய்க்குப் பெயர் வைக்கும்போது, விலகல் அறிகுறிகள் (குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கம், வியர்வை போன்றவை) அடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் ஆன பிறகும் நீடிக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான். குடித்துக்கொண்டே இருப்பவருக்கு "உங்களுக்கு டிப்ரஷன்" என்று முத்திரை குத்தி வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பதும் தவறுதான். அதுவும் நடக்கிறது.

ஆனால் அந்த நான்கு வாரமும் அவர்கள் மருத்துவமனையில் இருந்தார்கள், கவனிப்பில் இருந்தார்கள். "வீட்டுக்குப் போய் நிறுத்திவிட்டு வா" என்று யாரும் சொல்லவில்லை. நான்கு வாரம் காத்திருப்பது நோய்க்குப் பெயர் வைப்பதற்காக. அந்தச் சமயத்தில் ஆளைக் கைவிடலாம் என்று அந்த ஆய்வு எங்கும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இன்றைய சிக்கலில் பெரும்பங்கு.

சில பேருக்கு நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. குடி தொடங்குவதற்கு முன்பே மனச்சோர்வு வந்திருந்தால், முன்பு பல மாதம் குடிக்காமல் இருந்த காலத்திலும் வந்திருந்தால், ரத்த உறவில் மனச்சோர்வோ இருமுனைக் கோளாறோ (மனச்சோர்வும் அளவுக்கு மீறிய உற்சாகமும் மாறிமாறி வரும் நோய்) இருந்தால், குடிக்காத நாட்களிலும் காதில் குரல் கேட்பது, யாரோ சதி செய்கிறார்கள் என்ற உறுதியான சந்தேகம் போன்றவை இருந்தால், தற்கொலைப் பேச்சு இருந்தால், மருத்துவர் உடனே மருந்தைத் தொடங்கலாம். இதில் குடும்பம் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. ஒரு தாளில் கோடு போட்டு, எந்த வயதில் குடி ஆரம்பித்தது, எப்போது அதிகமானது, எப்போதெல்லாம் விட்டிருந்தார், அப்போது மனநிலை எப்படி இருந்தது, எப்போது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு திரிந்தார் என்று குறித்துக்கொண்டு போங்கள். எந்த ஸ்கேனும் தராத தகவல் இது. குடிக்காமல் இருந்த அந்தச் சில மாதங்கள் எப்படிப் போயின என்பதில்தான் பாதி நோயறிதல் இருக்கிறது. நோயாளியால் அதைச் சரியாக நினைவுகூர முடியாது. கூட இருந்தவர்களால் முடியும்.

இன்னொரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவரிடம் "நாளையிலிருந்து நிறுத்து" என்பது ஆபத்தான ஆலோசனை. கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் பிதற்றல் நிலை வரும். நேரம் தெரியாது, இடம் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆட்களோடு பேசுவார், காய்ச்சலடிக்கும், நாடித்துடிப்பு எகிறும். "பைத்தியம் பிடித்துவிட்டது" என்று கட்டிப்போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கும் வீடுகள் உண்டு. இது மருத்துவ அவசரநிலை, வைத்தியம் செய்யாவிட்டால் உயிர் போகலாம். முன்பு ஒரு தடவை இப்படி வலிப்போ பிதற்றலோ வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். அவர் வீட்டிலிருந்தபடி நிறுத்த முயலக் கூடாது.

மருத்துவமனையில் இதற்கு டயஸெபாம், குளோர்டயசெபாக்ஸைடு வகை மருந்துகளைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோராஸெபாம். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, பெரும்பாலும் ஊசியாக. தயமின் குறைந்த உடம்பில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடவும் கூடும். "உடம்புக்குத் தெம்பாக ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டயஸெபாம் வகை மாத்திரைகள் இந்தச் சில நாட்களோடு முடிய வேண்டியவை. அதைத் தூக்க மாத்திரையாக மாதக்கணக்கில் தொடர்ந்தால் ஒரு அடிமைத்தனத்துக்குப் பதில் இன்னொன்று வந்து உட்காரும். ஏற்கனவே வருடக்கணக்கில் சாப்பிட்டுவந்தால் அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம். மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். தூக்கம் மட்டும் குடியை விட்ட பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தகராறு செய்யும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. "குடியை விட்டும் தூக்கம் வரவில்லையே" என்ற எரிச்சலில்தான் பலர் மறுபடி குடிக்கப் போகிறார்கள்.

சரி, மருந்துகள். மனச்சோர்வும் குடிநோயும் சேர்ந்திருந்த 170 பேரிடம் நடத்திய ஒரு ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின், ஒரு குழுவுக்குக் குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், ஒரு குழுவுக்கு இரண்டும், ஒரு குழுவுக்கு வெற்று மாத்திரை. 14 வாரத்தில், இரண்டும் வாங்கியவர்களில் சுமார் 54 சதவீதம் பேர் குடியை முழுதாக நிறுத்தியிருந்தார்கள். மற்ற மூன்று குழுக்களிலும் 21-லிருந்து 28 சதவீதத்துக்குள்தான். தனியாகக் கொடுத்தபோது எந்த மருந்தும் வெற்று மாத்திரையைப் பெரிதாகத் தாண்டவில்லை. "இரண்டையும் சேர்த்து" என்று நான் பிடிவாதம் பிடிப்பது இந்த மாதிரி முடிவுகளைப் பார்த்துத்தான். ஒரே ஆய்வு, எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

குடிக்கான மருந்துகளை மனநோயோடு சேர்த்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. நால்ட்ரெக்ஸோனை ஹெராயின், மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகள் உடம்பில் இருக்கும்போது கொடுத்தால் கடுமையான விலகல் அறிகுறிகள் பாய்ந்து வரும். அகாம்ப்ரோசேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, அதனால் கல்லீரல் கெட்டவர்களுக்கு வசதி, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாது. டைசல்ஃபிராம் வேறு மாதிரி. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மனச்சிதைவு (குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை நீடிக்கும் ஸ்கிசோஃப்ரீனியா நோய்) உள்ளவர்களுக்கு அது நோயை அதிகப்படுத்தலாம். தற்கொலை எண்ணம் உள்ளவரிடம் அதைக் கொடுத்து அனுப்பும்போது மருத்துவர் நிறைய யோசிப்பார். முக்கியமாக, ஆளுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். "குடியை மறக்கடிக்கும் மருந்து" என்று ரகசியமாக விற்கப்படுவதையும் சேர்த்தே சொல்கிறேன். தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடிப்பார், அது உயிரையே பறிக்கலாம்.

இருமுனைக் கோளாறு இருந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஆள் எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம். மனநிலையைச் சீராக்கும் மருந்து அடிப்படையாக இருக்க வேண்டும். இருமுனைக் கோளாறோடு குடிநோயும் இருந்தவர்களுக்கு அந்த வகை மருந்தான வால்ப்ரோயேட் சேர்த்தபோது அளவு மீறிக் குடிக்கும் நாட்கள் குறைந்ததாக 2005-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது, கல்லீரலைக் கண்காணித்தபடிதான். அதே வகையைச் சேர்ந்த லித்தியம் சாப்பிடுகிறவர் குடித்து வாந்தியெடுத்து உடம்பில் நீர் வற்றினால், ரத்தத்தில் லித்தியம் நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம்.

கஞ்சாவுக்குப் பிறகு வரும் மனப்பிறழ்வு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என நிஜத்திலிருந்து விலகிப்போகும் நிலை) பற்றிக் கேட்கவில்லை, ஆனால் இதைத் தேடி வருகிறவர்களில் அந்தக் கவலையோடு வருகிறவர்கள் நிறைய. "கஞ்சாவால் வந்தது, விட்டால் சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு அனுப்பப்படும் இளைஞர்களைப் பற்றி 2018-ல் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்று யோசிக்க வைக்கிறது. போதைப்பொருளால் மனப்பிறழ்வு ஏற்பட்டவர்களை நாட்டுப் பதிவேடுகளின் வழியாகப் பல வருடம் பின்தொடர்ந்தபோது, சுமார் 32 சதவீதம் பேருக்குப் பின்னாளில் மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ என்று நோய் உறுதியானது. கஞ்சாவால் வந்தவர்களில் அது 47 சதவீதம். குரல்கள் நின்றுவிட்டன என்பதற்காக மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்திவிடக் கூடாது.

சிகரெட்டை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. "பாவம், அதையாவது விட்டுவைப்போம்" என்பார்கள். சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள், மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின், ஓலன்சபின் மருந்துகளைக் கல்லீரல் சீக்கிரம் கழிக்கும்படி செய்கின்றன. நிறையப் புகைப்பவருக்கு அதற்கேற்ப அதிக அளவு கொடுத்திருப்பார்கள். அவர் திடீரென்று விட்டால், புகைக்கத் தடையுள்ள வார்டில் சேர்ந்தாலே போதும், ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் குளோசபின் அளவு ஏறி அசதி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். நிகோடின் பட்டை ஒட்டினாலும் இது தீராது, காரணம் நிகோடின் இல்லை, புகை. விடுவதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டால் அளவைக் குறைப்பார், அவ்வளவுதான். விடக் கூடாது என்று பயப்படத் தேவையில்லை. புகைப்பதை நிறுத்த உதவும் வரனிக்ளின் மனநிலையைக் கெடுக்கும் என்ற பழைய பயமும், 8,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியான ஆய்வுக்குப் பிறகு பெரிதும் அடங்கிவிட்டது. அதில் பாதிப்பேர் மனநோய் உள்ளவர்கள்.

பழைய கொடுமையான அனுபவங்களால் வரும் மன அதிர்ச்சிக் கோளாறில் ஒரு நம்பிக்கை நெடுநாள் இருந்தது: குடியோ போதையோ முழுதாக நிற்கும் வரை அந்த நினைவுகளைத் தொடக் கூடாது, தொட்டால் போதை அதிகமாகும் என்று. 2012-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் போதைக்கு அடிமையாக இருந்தவர்களுக்கே அந்த நினைவுகளை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரையாடல் சிகிச்சையைக் கொடுத்தார்கள். அதிர்ச்சியின் தீவிரம் குறைந்தது, போதை அதிகமாகவில்லை. தேர்ந்த சிகிச்சையாளர் வேண்டும் என்பது தனி.

மறுவாழ்வு மையத்தின் "மாத்திரை கூடாது" விதிக்கு வருகிறேன். இதில் எனக்குப் பொறுமை குறைவு. மனச்சோர்வு மாத்திரையும் மனச்சிதைவு மருந்தும் போதை தருவதில்லை. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும், நோயும் திரும்பும். டயஸெபாம் வகையைப் பற்றிக் கவலைப்பட்டால் அது நியாயம், எல்லா மாத்திரைக்கும் அதையே நீட்டுவது நியாயமில்லை. ஓபியாய்டு அடிமைத்தனத்தில் இது இன்னும் கொடூரமாகிறது. அதற்கு மருந்தாகக் கொடுக்கும் புப்ரெனார்ஃபின், மெத்தடோன் ஆகியவற்றை "இதுவும் போதைதான்" என்று பிடுங்கி, சில வாரம் உள்ளே வைத்து வெளியே அனுப்புகிறார்கள். அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவை ஒரே ஒரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். மரண அபாயம் அதிகமான காலங்களில் ஒன்று, மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்.

நல்ல சிகிச்சை எப்படி இருக்கும் என்று கேட்டால், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் அவருடைய சகாக்களும் கடுமையான மனநோயோடு போதையும் இருந்தவர்களிடம் பல வருடம் செய்த வேலையிலிருந்து வந்த மாதிரியைச் சொல்வேன். ஒரே குழுவில் மனநல மருத்துவர், போதைச் சிகிச்சை தெரிந்த ஆலோசகர், செவிலியர், சமூகப் பணியாளர். முதல் வேலை ஆளோடு உறவு ஏற்படுத்திக்கொள்வது. நிறுத்துகிறேன் என்று அவர் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. அவர் தயாராகும் வரை அவருடைய காரணங்களை அவர் வாயாலேயே வரவைக்கும் பேச்சு. வில்லியம் மில்லர் 1983-ல் எழுதத் தொடங்கிய அணுகுமுறை அது. தயாரான பிறகுதான் தீவிரச் சிகிச்சை, அதற்கும் பிறகு சறுக்காமல் காப்பது. மறுபடி குடித்துவிட்டால் வெளியே அனுப்ப மாட்டார்கள், அடுத்த சந்திப்பை முன்னால் இழுப்பார்கள். வேலை, தங்க இடம், குடும்பத்தோடு பேச்சு எல்லாம் இதற்குள்ளேயே வரும். மாதத்தில் முடியும் காரியம் இல்லை, வருடக்கணக்கு.

அப்படி ஒரு குழு கிடைக்கவில்லை என்றால் நீங்களே ஒட்டுப்போட்டு உருவாக்க வேண்டியிருக்கும். எல்லா மருந்தையும் ஒரே மனநல மருத்துவர் எழுதட்டும். மற்றவர்கள் தருவதை அவரிடம் காட்டுங்கள். ஆலோசகரும் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேச அண்ணனிடம் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: குடியை எங்கே, யார் கண்காணிப்பில் நிறுத்துவது? அந்தச் சில வாரங்களில் மனச்சோர்வை யார் கவனிப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை? இடையில் குடித்துவிட்டால் எந்த மாத்திரையைத் தொடர வேண்டும், எதைப் போடக் கூடாது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "குடித்திருக்கும்போது மாத்திரை போடக் கூடாது" என்று பொதுவாகக் கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, குடிக்கிற நாளெல்லாம் மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிடுவார்கள். பிறகு மருந்து வேலை செய்யவில்லை என்பார்கள். செர்ட்ராலின் போன்றவற்றை ஒரு நாள் குடித்ததற்காக விட வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். தூக்க மாத்திரைகளும் டயஸெபாம் வகையும் மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கும். ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியம். அதற்கு நான்கு வாரமும் கிடையாது, நோய்க்குப் பெயரும் தேவையில்லை. இன்றைக்கே அவர் தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்துவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். குடித்திருந்தாலும் கூட்டிப்போங்கள். அங்கே யாராவது "போதை தெளிந்ததும் வாருங்கள்" என்றால், தெளியும் வரை இங்கேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். தெளிந்த பிறகு மறுபடி ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.